நீரில் மாங்கனீசு: நிறம் சொல்லும் சேதி

கண்ணாடிபோல் தெளிந்த நீர் நல்ல நீர் என்பது நமது நெடுநாளைய நம்பிக்கை. கலங்கல் இல்லை, நாற்றம் இல்லை, குடித்துப் பார்த்தால் சுவையிலும் குறை தெரியவில்லை. பிறகு சோதனை எதற்கு என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் சில குழாய்க் கிணறுகளின் நீர் வேறு கதை சொல்கிறது. அடிக்கும்போது தெளிவாகவே வருகிறது. நாள்கள் செல்லச் செல்ல, அது விழுகின்ற சிமெண்டு மேடை கறுக்கிறது. குடத்தின் உட்புறத்தில் கரிபோன்ற மெல்லிய படலம் ஒட்டுகிறது. வெளுத்த துணியில் பழுப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் விழுகின்றன. எவ்வளவு தேய்த்தாலும் அவை எளிதில் போவதில்லை. இந்தக் கறைக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது மாங்கனீசு என்னும் உலோகம்.

கறை துணியோடு நின்றுவிட்டால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அந்த நீரைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள் என்பதே கவலைக்குரியது. அதில் எவ்வளவு மாங்கனீசு இருக்கிறது என்பதைக் கிணற்றடியிலேயே அறிய ஒரு வழி உண்டு. சில சொட்டு இரசாயனக் கரைசல், இரண்டு சோதனைக் குழாய்கள், ஒரு நிற அட்டை ஆகியவை போதும். அந்தச் சோதனைப் பெட்டி எப்படி வேலை செய்கிறது, அது தரும் விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மண்ணிலிருந்து நீருக்கு

மாங்கனீசு நமக்குப் புதியதன்று. டார்ச் விளக்கின் பழைய பேட்டரியை உடைத்தால் உள்ளே இருக்கும் கறுப்புப் பொடியில் பெரும்பகுதி மாங்கனீசு டை ஆக்சைடுதான். கிணறுகளில் போடுவார்களே, ஊதா நிறப் பெர்மாங்கனேட், அதுவும் மாங்கனீசின் சேர்மமே. 1774 ஆம் ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த கான் என்பவர் இதைத் தனி உலோகமாகப் பிரித்தெடுத்தார். புவியோட்டில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு மாங்கனீசு உள்ளது. ஆகவே இது இல்லாத மண்ணைக் காண்பது அரிது.

மண்ணில் இருக்கும் மாங்கனீசு பெரும்பாலும் ஆக்சைடு வடிவில், மணல் துகள்களின்மேல் கறுப்புப் பூச்சாக ஒட்டியிருக்கிறது. இந்த வடிவில் அது நீரில் கரையாது. அப்படியானால் கிணற்று நீரில் அது எப்படிக் கலக்கிறது?

நிலத்தின் ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் இதற்குக் காரணம். மக்கிப்போன இலைதழைகளை உண்டு வாழும் இவற்றிற்கு, நம்மைப்போலவே ஆக்சிஜன் தேவை. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜன் செலவாகிறது. அதுவும் தீர்ந்தபின் மாங்கனீசு ஆக்சைடின்மேல் கைவைக்கின்றன. ஆக்சிஜனை இழந்த மாங்கனீசு, இரண்டு நேர் மின்னேற்றம் கொண்ட அயனியாகி நீரில் கரைந்துவிடுகிறது. கரைந்த மாங்கனீசுக்கு நிறமே இல்லை என்று சொல்லலாம். இதனால்தான் நீர் தெளிவாக வருகிறது.

மாங்கனீசுக்கு அடுத்தபடியாக இந்த நுண்ணுயிர்கள் நாடுவது இரும்பு ஆக்சைடை. முதலில் மாங்கனீசு, பிறகு இரும்பு என்னும் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் இது தேவைப்படும்.

நீர் வெளியே வந்து காற்றைத் தொட்டதும் எல்லாம் தலைகீழாகின்றன. இரும்பு விரைவில் ஆக்சிஜனோடு சேர்ந்து செந்நிறத் துருவாகப் படிகிறது. மாங்கனீசுக்கு அவ்வளவு அவசரம் இல்லை. சாதாரண நீரில் அது மிக மெதுவாகவே ஆக்சிஜனேற்றம் அடையும். முன்பே படிந்த கறுப்புப் படலமும் சில பாக்டீரியாக்களும் அதற்குத் துணை செய்கின்றன. எனவே கறை சிறிது சிறிதாக வளர்கிறது.

வங்கம் கற்ற பாடம்

கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் ஆன வங்கச் சமவெளியில் இந்தக் கறைகளுக்குத் தனி வரலாறு உண்டு. குளத்து நீரைக் குடித்து வாந்திபேதியால் மடிந்த மக்களைக் காக்க, அங்கு ஏராளமான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. நோய்க்கிருமிகள் குறைந்தன. ஆனால் அந்த நீரில் ஆர்செனிக் என்னும் நஞ்சு கரைந்திருப்பது எவருக்கும் தெரியவில்லை. 1983 இல் கல்கத்தாவில் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, மேற்கு வங்க நோயாளிகளின் தோலில் இருந்த புள்ளிகளைக் கண்டு ஆர்செனிக் நஞ்சை இனங்கண்டார். 1993 இல் வங்காளதேசத்திலும் அது கண்டறியப்பட்டது.

அதன்பின் வங்காளதேசத்தில் மிகப் பெரிய சோதனை இயக்கம் நடந்தது. 2003 ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகள் கையடக்கச் சோதனைப் பெட்டிகளால் சோதிக்கப்பட்டிருந்தன. ஆர்செனிக் வாயு பட்டதும் நிறம் மாறும் ஒரு காகிதத்தை நிற அட்டையோடு ஒப்பிடுவதே அந்தச் சோதனை. ஆர்செனிக் மிகுந்த கிணற்றின் குழாய் மூக்கில் சிவப்பு வண்ணமும், குறைந்த கிணற்றிற்குப் பச்சை வண்ணமும் பூசினார்கள். மக்கள் பச்சைக் குழாயைத் தேடிச் சென்றார்கள்.

ஆனால் பச்சை வண்ணம் ஆர்செனிக்கைப் பற்றி மட்டுமே பேசியது. மாங்கனீசைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இதற்கிடையில் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனமும் வங்காளதேசப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் சேர்ந்து 61 மாவட்டங்களில் 3,534 கிணறுகளை ஆராய்ந்து, 2001 இல் முடிவுகளை வெளியிட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிணறுகளில் மாங்கனீசு லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தது.

இப்போது முன்பு சொன்ன வரிசையை நினைத்துப் பாருங்கள். ஆர்செனிக், மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பொருள். நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்கும்போது ஆர்செனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. ஆனால் வேலை மாங்கனீசு அளவிலேயே நின்றிருக்கும் இடங்களில் இரும்பு ஆக்சைடு கரையாமல் இருக்கிறது. அது ஆர்செனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அத்தகைய நீரில் ஆர்செனிக் குறைவு, மாங்கனீசு அதிகம். மேடையும் கறுப்பாகிறது. இரும்பும் ஆர்செனிக்கும் கரைந்த நீரின் மேடையோ செந்நிறமாகிறது.

மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தில் குழாய்க் கிணற்று மேடைகளின் நிறத்தை வைத்து ஆர்செனிக்கையும் மாங்கனீசையும் ஊகிக்க முடியுமா என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2012 இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். சிவந்த மேடை ஆர்செனிக்கையும், கறுத்த மேடை மாங்கனீசையும் பெரும்பாலும் சரியாகவே காட்டின. ஆர்செனிக்குக்குப் பயந்து கறுத்த மேடைக்கு ஓடியவர் மாங்கனீசிடம் அகப்பட்டுக்கொள்ளலாம் என்பது இதிலிருந்து விளங்கும். ஆர்செனிக்கே இவற்றுள் கொடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றிற்காகச் செய்த சோதனை மற்றொன்றிற்கு நற்சான்று ஆகாது.

எவ்வளவு இருக்கலாம்?

மாங்கனீசு நம் உடலுக்குச் சிறிதளவு வேண்டிய பொருள். அரிசி, பருப்பு, கொட்டைகள், தேயிலை ஆகியவற்றிலிருந்து அது தாராளமாகவே கிடைத்துவிடுகிறது. அளவு மீறினால் நரம்பு மண்டலத்தைத் தாக்குகிறது. 1837 இலேயே ஸ்காட்லாந்தில் ஜான் கூப்பர் என்னும் மருத்துவர், மாங்கனீசுத் தாதுவை அரைக்கும் தொழிலாளர்களின் கைகால் தளர்ச்சியையும் தடுமாற்ற நடையையும் குறித்து எழுதினார். அவர்கள் சுவாசித்தது தூசு. குடிநீர் வழியாகவும் கேடு வரலாம் என்பதை 1941 இல் வெளியான ஒரு ஜப்பானிய அறிக்கை காட்டியது. கிணற்றருகே புதைக்கப்பட்ட சுமார் 400 பழைய பேட்டரிகளிலிருந்து மாங்கனீசு கசிந்ததால், அந்நீரைக் குடித்த சுமார் 25 பேர் நோயுற்றனர். நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 14 மில்லிகிராம் மாங்கனீசு இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

இவ்வளவு பெரிய அளவு அரிது. இன்றைய கவலை சிறிய அளவுகளைப் பற்றியது. அதுவும் குழந்தைகளைப் பற்றியது. வங்காளதேசத்தின் ஆராய்ஹசார் பகுதியில் 10 வயதுச் சிறுவர் சிறுமியர் 142 பேரை ஆராய்ந்து 2006 இல் வெளியிட்ட முடிவின்படி, நீரில் மாங்கனீசு கூடக்கூட அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் குறைந்தது. அவர்கள் குடித்த நீரில் ஆர்செனிக் குறைவு. மாங்கனீசோ சராசரியாக லிட்டருக்கு 0.79 மில்லிகிராம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 362 குழந்தைகளை ஆராய்ந்து 2011 இல் வெளியிட்ட முடிவும் இதை ஒத்திருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவதை இவ்வாய்வுகள் காட்டுகின்றன. மாங்கனீசுதான் ஒரே காரணம் என்று இவை மட்டும் மெய்ப்பித்துவிடவில்லை. ஆனால் எச்சரிக்கைக்கு இவை போதும்.

பால்மாவைத் தண்ணீரில் கரைத்துப் புட்டியில் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். அவர்களின் எடைக்கு அவர்கள் குடிக்கும் நீர் மிகுதி. மிஞ்சிய மாங்கனீசைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் ஆற்றலும் அவர்களுக்கு முழுமையாக வளர்ந்திருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 1993 இல் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்றும், 2004 இல் 0.4 என்றும் அளவு குறித்தது. 2011 இல் தனி அளவு தேவையில்லை என்று விட்டுவிட்டது. 2022 இல் கைக்குழந்தைகளை மனத்தில் வைத்து 0.08 மில்லிகிராம் என்னும் தற்காலிக அளவை அறிவித்தது. 2012 இல் வெளியான இந்தியத் தர நிர்ணயம் 0.1 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 0.3 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கிறது.

0.1 மில்லிகிராம் என்பது எத்துணைச் சிறிது! 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரி ஒன்றில் ஒரே ஒரு கிராம் கரைந்திருந்தால் அதுதான் அந்த அளவு. துணியில் கறையும் நீரில் சுவை மாற்றமும் ஏறத்தாழ இந்த அளவைத் தாண்டும்போதுதான் தலைகாட்டத் தொடங்கும். குழந்தைக்கென வகுத்த எல்லையோ அதற்கும் கீழே இருக்கிறது. ஆகவே நாக்கையும் கண்ணையும் மட்டும் நம்பிப் பயனில்லை. அவற்றிற்கு இரசாயனத்தின் துணை வேண்டும்.

நிறமற்றதற்கு நிறம் ஊட்டுதல்

கரைந்த மாங்கனீசுக்கு நிறமில்லை. அதை நிறமுள்ளதாக மாற்றிவிட்டால்? நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மாங்கனீசு என்று கணக்கிடலாம் அல்லவா? இதுவே நிறச் சோதனையின் அடிப்படை.

இதற்கு ஒரு வழி, மாங்கனீசைப் பெர்மாங்கனேட்டாக மாற்றுவது. பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் நாம் அறிந்ததே. 1917 இல் வில்லார்ட், கிரேட்ஹவுஸ் என்னும் இரு அமெரிக்க வேதியியலார் பெர்அயோடேட் என்னும் உப்பைக் கொண்டு இம்மாற்றத்தை நிகழ்த்தி, அளவிடும் முறையாக்கினர். இன்றும் சில பெட்டிகளில் இம்முறையே உள்ளது. இது எளியது, நிறமும் அழகானது. ஆனால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் அளவில் நிறம் மிக மங்கலாகிவிடும். மாங்கனீசு மிகுந்த நீருக்கே இது ஏற்றது.

சிறிய அளவுகளுக்கு வேறொரு முறை பயன்படுகிறது. ஃபார்மால்டாக்சைம் என்னும் கரிமப் பொருளைக் காரத்தன்மையுள்ள நீரில் சேர்த்தால், அதன் ஆறு மூலக்கூறுகள் ஒரு மாங்கனீசு அயனியைச் சூழ்ந்துகொள்கின்றன. செம்பழுப்பு நிறமுள்ள அணைவுச் சேர்மம் உண்டாகிறது. சர்வதேசத் தர நிறுவனம் 1986 இல் இதை ஒரு தர முறையாக வெளியிட்டது. கையடக்கப் பெட்டிகள் சிலவற்றில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் முதல் 0.5 மில்லிகிராம் வரை இம்முறையால் அளக்கலாம். நமக்கு வேண்டிய எல்லைகள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடுகின்றன.

சரி, நிறம் வந்துவிட்டது. அதை எப்படி அளப்பது? மனிதக் கண்ணுக்கு ஒரு விந்தையான குணம் உண்டு. ஒரு நிறத்தைத் தனியே காட்டி எவ்வளவு அடர்த்தி என்று கேட்டால் அது திணறும். இரண்டு நிறங்களை அருகருகே வைத்து எது அடர்த்தி, எவை சமம் என்று கேட்டால் மிக நுட்பமாகப் பதில் சொல்லும். கண் அளவுகோல் அன்று. ஆனால் நல்ல தராசு எனலாம். அந்தத் தராசுக்கு எடைக்கற்களாக அமைவனவே நிற அட்டையிலுள்ள கட்டங்கள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கரைசலின் செறிவு கூடினாலும் நிறம் கூடும். ஒளி கடந்துவரும் நீரின் ஆழம் கூடினாலும் நிறம் கூடும். ஒளி உறிஞ்சல் பற்றிய பீர் விதி இதைத்தான் கூறுகிறது. குழாயைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றரை சென்டிமீட்டர் நீர். மேலிருந்து பார்த்தாலோ பத்து சென்டிமீட்டர் நீர். பக்கவாட்டில் தெரியாத மங்கிய நிறம் மேலிருந்து பார்த்தால் தெரியும். அதனால்தான் சில பெட்டிகளில் உயரமான குழாய்கள் வைத்து, மேலிருந்து நோக்கச் சொல்கிறார்கள்.

பெட்டியைத் திறப்போம்

ஃபார்மால்டாக்சைம் முறைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறுசிறு வேறுபாடுகள் இருக்கலாம்; பெட்டியுடன் வரும் குறிப்பே இறுதியானது.

முதலில் நீர் எடுத்தல். குழாயில் தங்கியிருந்த பழைய நீர் போகும்படி சில நிமிடம் அடித்த பிறகே பிடிக்க வேண்டும். பாத்திரத்தையும் சோதனைக் குழாய்களையும் அதே நீரால் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ள வேண்டும்.

இரண்டு சோதனைக் குழாய்களிலும் குறியிட்ட கோடு வரை நீரை நிரப்புங்கள். ஒன்றை அப்படியே வைத்துவிடுங்கள். மற்றதில் மட்டும் கரைசல்களைக் குறிப்பிட்ட வரிசையில், குறிப்பிட்ட சொட்டுக் கணக்கில் சேர்த்துக் கலக்குங்கள். பாட்டிலைச் செங்குத்தாகப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும். காரக் கரைசல் நீரைக் காரமாக்குகிறது. ஃபார்மால்டாக்சைம் நிறத்தை உண்டாக்குகிறது. கடைசியில் சேர்க்கும் கரைசலின் வேலை வேறு; அதைச் சற்றுப் பின்னர்க் காண்போம். ஒவ்வொரு கட்டத்திலும் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும்.

பிறகு இரு குழாய்களையும் ஒப்புமைச் சட்டத்தில் வையுங்கள். கரைசல் சேர்த்த குழாய் வெள்ளைப் பரப்பின்மேல் நிற்கும். சேர்க்காத குழாய் நிறக் கட்டங்களின்மேல் நிற்கும். நிற அட்டையை நகர்த்திக்கொண்டே மேலிருந்து பாருங்கள். இரண்டும் ஒரே நிறமாகத் தோன்றும் கட்டத்தில் உள்ள எண்ணே விடை.

ஒன்றும் சேர்க்காத குழாய் எதற்கு என்று கேட்கலாம். சில ஊர் நீருக்கு இயல்பாகவே இலேசான மஞ்சள் நிறம் இருக்கும். அது மாங்கனீசின் நிறத்தோடு சேர்ந்து ஏமாற்றும். நிறக் கட்டத்தையும் அதே நீரின் வழியாகவே பார்ப்பதால் அந்த மஞ்சள் இரு பக்கமும் சமமாகிவிடுகிறது. எளிய உத்தி; ஆனால் அறிவுள்ள உத்தி.

பிழை நுழையும் வாயில்கள்

இந்தச் சோதனையில் பெரிய எதிரி இரும்பு. மாங்கனீசு இருக்கும் நீரில் பெரும்பாலும் இரும்பும் இருக்கும். ஃபார்மால்டாக்சைம் இரும்போடும் சேர்ந்து நிறம் தரும். கடைசியாகச் சேர்க்கும் கரைசல் இரும்பின் நிறத்தைக் கலைத்துவிடுகிறது. மாங்கனீசின் அணைவு வலிமையானதாகையால் அது நிலைத்து நிற்கிறது. ஆனால் இரும்பின் நிறம் கலைய நேரம் வேண்டும். அவசரப்பட்டு முன்கூட்டியே பார்த்தால் இரும்பையும் மாங்கனீசாக எண்ணிவிடுவோம். காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்கள் வெறும் சடங்கு அல்ல.

அடுத்தது, நின்றுபோன நீர். முந்தின நாள் பிடித்து வைத்த நீரில் மாங்கனீசின் ஒரு பகுதி கறுப்புத் துகளாகி அடியில் படிந்திருக்கலாம். அல்லது பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கலாம். மேலே உள்ள தெளிந்த நீரைச் சோதித்தால் உண்மையைவிடக் குறைவான விடையே வரும். ஆகவே பிடித்த உடனே சோதிக்க வேண்டும். சோதனைக்கூடத்திற்கு அனுப்புவதாயின், மாங்கனீசு படியாமலிருக்க நீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து அனுப்புவது வழக்கம்.

மூன்றாவது, கடின நீர். காரம் சேர்ந்ததும் கால்சியமும் மக்னீசியமும் வெண்மையாகக் கலங்கலாம். கலங்கிய குழாயில் நிறம் ஒப்பிடுவது வீண்.

நான்காவது, ஒளி. மஞ்சள் நிற விளக்கொளியில் செம்பழுப்பு நிறம் மங்கிவிடும். பகல் வெளிச்சத்தில், ஆனால் நேர் வெயில் படாத நிழலில் பார்ப்பதே சிறந்தது. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறியும் ஆற்றல் குறைந்தவர்கள் ஆண்களில் நூற்றுக்குச் சிலர் உண்டு. பலருக்கு அது தெரிவதே இல்லை. எனவே இரண்டு பேர் தனித்தனியே பார்த்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல் எழுதி, பிறகு ஒப்பிடுவது நல்லது.

நிறம் கடைசிக் கட்டத்தையும் மிஞ்சினால் என்ன செய்வது? ஒரு பங்கு நீருடன் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைச் சேர்த்து மறுபடி சோதித்து, வரும் விடையை 5 ஆல் பெருக்க வேண்டும்.

பெட்டிக்கும் ஒரு தேர்வு

தராசைப் பயன்படுத்தும் வியாபாரி எடைக்கல்லைச் சரிபார்ப்பதுபோல, நாமும் பெட்டியைச் சரிபார்க்கலாம். பள்ளி, கல்லூரி வேதியியல் கூடங்களில் ஆசிரியரின் துணையோடு இதைச் செய்யலாம்.

ஒரு நீர் மூலக்கூறு கொண்ட மாங்கனீசு சல்பேட் உப்பை 0.308 கிராம் நிறுத்துக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, சரியாக ஒரு லிட்டராக்குங்கள். இதில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் மாங்கனீசு இருக்கும். இதிலிருந்து ஒரு மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் எடுத்து மறுபடியும் ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் உள்ள நீர் கிடைக்கும். இதைப் பெட்டியால் சோதியுங்கள். விடை 0.1 அல்லது அதற்கு அடுத்த கட்டமாக வந்தால் பெட்டி நம்பத்தக்கது. வெறும் வடித்த நீரையும் சோதியுங்கள். நிறம் வரவே கூடாது. இந்த இரு தேர்வுகளில் ஒன்றிலேனும் தவறினால் கரைசல்கள் கெட்டுவிட்டன என்று பொருள். பெட்டியின்மேல் அச்சிட்ட கெடு தேதி தாண்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: இக்கரைசல்கள் தோலையும் கண்ணையும் எரிக்கக்கூடியவை. வேறு சில முறைகளில் சயனைடு சேர்ந்த கரைசலும் உண்டு. அதில் அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். குழந்தைகளிடம் பெட்டியைத் தனியே விடக்கூடாது. சோதித்த நீரைக் கிணற்றடியில் கொட்டக்கூடாது.

எண்ணைப் படிக்கும் முறை

நிற அட்டை தரும் விடை மிகத் துல்லியமானது அன்று. இரண்டு கட்டங்களுக்கு நடுவே நிறம் விழுந்தால் ஊகம்தான். ஆகவே விடையை மூன்றாகப் பிரித்துக்கொள்வது அறிவுடைமை. நிறமே தெரியவில்லை, அல்லது எல்லைக்கு மிகக் கீழே இருக்கிறது என்றால் மாங்கனீசைப் பொறுத்தவரை கவலை இல்லை. 0.5 ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால், துல்லியம் தேவையில்லை; அந்நீரைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை உடனே நிறுத்திவிடலாம். 0.1 ஐ ஒட்டி இருந்தால் மட்டும் சோதனைக்கூடத்திற்கு அனுப்பி உறுதி செய்ய வேண்டும். இவ்வாறு செய்தால் நூறு கிணறுகளில் எவற்றிற்குச் செலவு செய்து சோதிக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். சிறிய பெட்டியின் பெரிய பயன் இதுவே.

மாங்கனீசு மிகுதி என்று தெரிந்தபின் நீரைக் காய்ச்சினால் போதுமா? போதாது. காய்ச்சினால் கிருமி சாகும், உலோகம் சாகாது. நீர் ஆவியாகிக் குறையும்போது மாங்கனீசின் செறிவு கூடத்தான் செய்யும். வெறுமனே காற்றோட்டத்தில் வைப்பதும் இரும்புக்கு உதவும் அளவு மாங்கனீசுக்கு உதவாது. மாங்கனீசு ஆக்சைடு பூசிய மணல் வடிகட்டிகள் நன்கு பயன்படுகின்றன. கரைந்த மாங்கனீசை அந்தக் கறுப்புப் பூச்சே இழுத்துக்கொள்கிறது. மழைநீரைச் சேமிப்பது இன்னொரு வழி. அருகிலுள்ள வேறு கிணற்றை நாடுவது மிக எளிய வழி. ஒரே தெருவில் ஒரு கிணற்றில் மிகுதியாகவும் அடுத்ததில் குறைவாகவும் இருப்பது உண்டு. ஆனால் மாறும் முன் அந்தக் கிணற்றையும் சோதிக்க வேண்டும். மாங்கனீசுக்கு மட்டுமல்ல, மற்றவற்றுக்கும்.

ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. பச்சை பூசிய குழாய் ஆர்செனிக்கைப் பற்றிய கேள்விக்கு விடை தந்தது. மாங்கனீசைப் பற்றி எவரும் அதனிடம் கேட்கவில்லை. உங்கள் ஊர்க் குழாயடியில் சிமெண்டு மேடை கறுத்திருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள். கறுத்திருந்தால், கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அங்கே காத்திருக்கிறது. அதற்குரிய விடையைப் பகல் வெளிச்சத்தில் இரண்டு சோதனைக் குழாய்கள் சொல்லிவிடும்.